ஆட்டத்துக்கு முதுகு காட்டி

அத்தியாயம் 17

போன வாரம் அப்பாவை ஏணியின் நடுப்படியிலிருந்து விழவிட்டு, அப்படியே நிறுத்தியிருந்தோம். பதறிப்போய்க் கேட்டவர்களுக்கு முதலில் பதில்: உயிருக்கு ஒன்றுமில்லை. வலது தோளெலும்பில் கீறல். ஆறு வாரம் கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு திரிய வேண்டும். ஊர் உலகத்துக்கெல்லாம் குழாய் மாட்டிக் கொடுக்கிற மனுஷர், இப்போது சட்டைப் பொத்தான் போட ஆள் தேடுகிறார்.

தோளைவிடப் பெரிய சிக்கல், விழுந்த தேதி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாற்றுத்திறனாளிகள் விளையாட்டு விழா. மகளுக்குப் போட்டி இருக்கிறது. அவளோடு களத்தில் உட்கார வேண்டியவர் அப்பா.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காக மகளைப் பற்றி இரண்டு வார்த்தை. வயது இருபத்திரண்டு. பிறக்கும்போதே மூளைவாதம். கையும் காலும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, பேச்சும் லேசில் வராது. ஒரு வாக்கியத்துக்கு ஒரு நிமிஷம் பிடிக்கும். ஆனால் சொல்லிவிட்டால் அதற்கு மேல்முறையீடு கிடையாது. அதனால் அப்பா வைத்த பெயர் ஜட்ஜம்மா.

அந்த ஒரு நிமிஷத்தைத்தான் அம்மாவால் பொறுக்க முடிவதில்லை. அம்மாவுக்கு வேலை ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் விசாரணைக் கவுண்டரில். பத்தொன்பது வருஷமாக, எதிரில் நிற்பவர் கேள்வியை முடிப்பதற்குள் பதிலைச் சொல்லி அனுப்பிப் பழகியவள். "ரத்தம் குடுக்கிற..." என்று ஆரம்பித்தால், "நேராப் போய் வலது பக்கம், ரெண்டாவது கதவு" என்று முடித்துவிடுவாள். வீட்டிலும் அதே கவுண்டர்தான். மகள் உதட்டை அசைத்ததுமே, "தண்ணியா? ஃபேனா? டிவி மாத்தணுமா?" என்று மூன்றைக் கேட்பாள். மூன்றில் ஒன்று எப்படியும் சரியாக இருக்கும். சரியாக இல்லாவிட்டாலும் மகள் தலையாட்டிவிடுவாள்.

இன்னொரு விஷயம் நமக்குத் தெரியும், வீட்டில் அம்மாவைத் தவிர யாருக்கும் தெரியாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், கவுண்டரில் பதினைந்து பேர் நின்றுகொண்டிருந்தபோது, அவளுக்கு ஒரு போன் வந்தது. பேசியவர் ஒரு பயிற்சியாளர். ஒரு முகாமில் பெண் பந்து உருட்டி ஆடியதைப் பார்த்ததாகவும், பயிற்சி மையத்தில் ஆறு மாதம் தங்கிக் கற்றுக்கொள்ள இடம் இருப்பதாகவும் சொன்னார். அந்த வருஷம்தான் மகள் நெஞ்சுச் சளியில் பதினோரு நாள் ஐ.சி.யு.வில் கிடந்து பிழைத்து வந்திருந்தாள். அம்மா ஒரு கையால் யாருக்கோ எக்ஸ்ரே அறைக்கு வழி காட்டிக்கொண்டே, "அவளுக்கு இதிலெல்லாம் இஷ்டமில்லைங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். நாற்பது விநாடி ஆகியிருந்தால் அதிகம்.

மகளிடம் கேட்கவில்லை. அப்பாவிடம் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விழாவுக்கு அந்தப் பயிற்சியாளர் வருகிறார். ஜெயிக்கிற ஒரே ஒருவருக்கு மையத்தில் இடம். மகள் அதற்காகப் பத்து மாதமாக வீட்டு ஹாலில் பந்து உருட்டிக்கொண்டிருக்கிறாள். சித்தி வெளியூரில் இருக்கிறாள், வேறு ஆளில்லை.

"நான் வரேன்," என்றாள் அம்மா.

அப்பா, மகள் இருவரும் ஒரே நேரத்தில் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

*

ஆட்டத்தின் பெயர் போச்சியா. வெள்ளைப் பந்து ஒன்றை முதலில் உருட்டி விடுவார்கள். ஒருவருக்கு ஆறு சிவப்புப் பந்து, எதிராளிக்கு ஆறு நீலம். யாருடைய பந்து வெள்ளைக்குப் பக்கத்தில் நிற்கிறதோ அவருக்குப் புள்ளி. இப்படி நான்கு சுற்று.

கையால் பந்தை விட முடியாதவர்களுக்கு ஒரு சரிவு உண்டு. மகளுடையதை அப்பாதான் செய்தார். நீளமான பிளாஸ்டிக் குழாயை நெடுக்காகப் பிளந்து, உப்புத்தாள் போட்டு இழைத்து, மரக்காலில் நிறுத்தியிருந்தார். மகள் நெற்றியில் கட்டிய குச்சியால் பந்தை உச்சியில் பிடித்துவைத்து, தலையைத் தூக்கினால் பந்து உருண்டு போகும். குழாயை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும், எவ்வளவு உயர்த்த வேண்டும் என்று அவள் சொல்வாள். உதவியாளர் அதைச் செய்ய வேண்டும்.

அவ்வளவுதான் செய்ய வேண்டும். உதவியாளர் ஆட்டத்துக்கு முதுகு காட்டி உட்கார வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. ஆடுபவரோடோ நடுவரோடோ ஒரு வார்த்தை பேசக் கூடாது. மீறினால் எதிராளிக்கு ஒரு தண்டனைப் பந்து.

"பேசவே கூடாதா?" என்று ஒத்திகையின் முதல் நாளே அம்மா கேட்டாள்.

"கூடாது."

"தும்மலாமா?"

"தும்மிக்கோ. ஆனா தும்மிட்டு 'அங்க பாரு'ன்னு சொல்லிடாதே," என்றார் அப்பா.

மகள் சிரித்தாள். ஐந்து நாள் ஒத்திகையில் அம்மா முப்பத்தோரு தண்டனைப் பந்து கொடுத்திருந்தாள். எண்ணிக்கொண்டிருந்தவர் அப்பா. ஐந்தாவது நாள் ஒன்றுகூட இல்லை.

*

மைதானத்தில் காலை எட்டு மணிக்கே நிற்க இடமில்லை. ஒரு பக்கம் சக்கர நாற்காலிகள் மோதிக்கொள்ளும் கூடைப்பந்து. இன்னொரு பக்கம் பார்வையில்லாதவர்கள் கிலுகிலுவென்று சத்தம் போடும் பந்தைத் துரத்திக்கொண்டிருந்தார்கள். அங்கே சுற்றியிருந்த கூட்டம் முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. காது கேளாதவர்களின் ஓட்டத்துக்குக் கொடி விழுந்ததும் துப்பாக்கி இல்லாமலே எட்டுப் பேர் பாய்ந்தார்கள்.

அப்பா முதல் வேலையாகக் கழிப்பறைக்குப் போய் கைப்பிடிகளை ஆட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "மூணாவது ரூம்ல ஒரு ஸ்க்ரூ இல்ல. சாஞ்சா ஆள் காலி," என்று ஏற்பாட்டாளரைத் தேடிப் போனார். ஒரு கை போனாலும் தொழில் போகவில்லை.

அம்மா கூட்டத்தில் வேறு ஒருவரைத் தேடிக்கொண்டிருந்தாள். நரைத்த கிராப்பு, ஒற்றை ஊன்றுகோல். நோட்டீசில் பயிற்சியாளரின் போட்டோவைப் பார்த்திருந்தாள். உள்ளரங்க வாசலில் அந்தத் தலை தெரிந்ததும், மகளின் நாற்காலியைச் சட்டென்று டீக்கடைப் பக்கம் திருப்பினாள்.

"எ...ங்க?" என்றாள் மகள்.

"டீ குடிக்கலாம்."

"எனக்கு... வேணாம்."

"எனக்கு வேணும்."

டீ வாங்கினாள். ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

சரிவு வைத்து ஆடும் பிரிவில் இரண்டே பேர். மகளோடு ஆடப்போகிறவர் ஒரு முன்னாள் தபால்காரர். சைக்கிளில் போனவரை லாரி தட்டி, கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாமல் போய்விட்டது. அவருக்கு உதவியாளர் அவர் மனைவி. அந்த அம்மாள் ஸ்டூலை எடுத்துப் போட்டுக்கொண்டு தானாகவே பேச்சுக் கொடுத்தாள்.

"முதல் தடவையா?"

"ஆமாங்க."

"முதல்ல பைத்தியம் பிடிக்கிற மாதிரி இருக்கும். நான் மனசுக்குள்ள வெங்காயம் நறுக்க ஆரம்பிச்சிடுவேன். ஒரு சுத்துக்கு ரெண்டு கிலோ."

"பேசணும்னு தோணாதா?"

"எனக்கா? அவர் போஸ்ட்மேனா இருந்தப்ப வீட்டுக்கு வந்தாலே பேச மாட்டார். இப்பத்தான் 'இடது', 'வலது'ன்னாவது எங்கிட்ட சொல்றார்," என்று சிரித்தாள் அந்த அம்மாள்.

*

உள்ளரங்கத்தில் முதல் சுற்று தொடங்கியது.

அம்மாவுக்கு முன்னால் இருந்தது மகளின் முகம் ஒன்றுதான். களம், பந்து, கடிகாரம், கூட்டம் எல்லாம் முதுகுக்குப் பின்னால். மகள் முதல் பந்தை எடுக்கச் சொல்லி, எச்சிலை விழுங்கி, மூச்சை இழுத்து, "இடது... ரெண்டு... விரல்" என்றாள். அம்மா இரண்டு விரற்கடை நகர்த்தினாள். பந்து உருண்டது. சத்தம் முதுகுக்குப் பின்னால் போய் எங்கோ நின்றது.

மகளின் கண் சுருங்கியது. பிறகு வலது கண் மட்டும் கொஞ்சம் பெரிதானது.

நன்றாகப் போயிருக்கிறது என்று அம்மாவுக்குப் புரிந்தது. கூடவே இன்னொன்றும் புரிந்தது. இந்த முகத்தைத் தினம் துடைத்திருக்கிறாள், பவுடர் போட்டிருக்கிறாள், காய்ச்சலுக்குத் தொட்டுப் பார்த்திருக்கிறாள். இப்படி உட்கார்ந்து பார்த்ததே இல்லை. பந்துக்குப் பந்து அந்த முகத்தில் கணக்குப் போட்டு, அழித்து, மறுபடி போடுகிற ஒருத்தி இருந்தாள். அவளை அம்மாவுக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை.

முதல் சுற்றில் மகளுக்கு மூன்று புள்ளி.

இரண்டாவதில் தபால்காரர் மூன்று எடுத்தார். மூன்றாவதில் அவருக்கே இன்னும் ஒன்று. மூன்றுக்கு நான்கு.

அம்மா வாயைத் திறக்கவில்லை. பார்வையாளர் வரிசையில் அப்பா பக்கத்திலிருந்தவரிடம், "என் சம்சாரம்ங்க அது. முப்பது நிமிஷம் பேசாம இருக்கா," என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இவள் இவ்வளவு ஆசையோடு ஆடுவாள் என்று அன்றைக்கே தெரிந்திருந்தால், என்று அம்மா நினைத்தாள். உடனே தன்னையே திருத்திக்கொண்டாள். தெரியாமல் என்ன? கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

நான்காவது சுற்று. தபால்காரரின் ஆறு பந்தும் முடிந்துவிட்டது. மகள் கையில் ஒரே ஒரு சிவப்பு. இதில் ஒரு புள்ளி எடுத்தால் சமம், பிறகு கூடுதல் சுற்று. எடுக்காவிட்டால் இதோடு சரி.

மகள் குழாயைப் பார்க்கவில்லை. நடுவரைப் பார்த்தாள். "நா...ன்... உ..." என்று ஆரம்பித்தாள்.

நடுவர் இளம் வயது ஆள். குனிந்து காதைக் கொடுத்தார். "மறுபடி சொல்லுங்க," என்றார்.

"உ...ள்..."

வார்த்தை தொண்டையில் மாட்டிக்கொண்டது. அவசரப்பட்டால் அவளுக்கு எப்போதும் அப்படித்தான். கழுத்து நரம்பு புடைத்தது. ஒரு கை தானாகத் தூக்கிக்கொண்டு ஆடியது.

நேரம் ஓடுகிறதே என்று அம்மா பதறினாள். சுற்றுக்கு ஆறு நிமிஷம்தான். நடுவர் அப்போதே கை காட்டிக் கடிகாரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டார் என்பது அரங்கில் எல்லோருக்கும் தெரியும். அம்மாவுக்குத் தெரியாது. கடிகாரம் அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

"மறுபடி ஒரு தடவை..." என்றார் நடுவர்.

"எது கிட்ட இருக்குன்னு அளந்து சொல்லச் சொல்றா சார்," என்றாள் அம்மா.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது.

நடுவர் நிமிர்ந்தார். கையைத் தூக்கினார். "உதவியாளர் பேசியதற்காக, நீலத்துக்கு ஒரு தண்டனைப் பந்து," என்று அறிவித்தார். குரலில் வருத்தம் இருந்தது, சட்டமும் இருந்தது. பிறகு மகளிடம் திரும்பி, "அதுதான் கேட்டீங்களா?" என்றார்.

மகள் இல்லை என்று தலையசைத்தாள். மூச்சு வாங்கினாள். ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்.

"உள்ள... போய்... பார்க்கணும்."

களத்துக்குள் போய்ப் பந்துகள் எப்படி நிற்கின்றன என்று பார்க்க ஆடுபவருக்கு உரிமை உண்டு. அதைத்தான் கேட்டிருக்கிறாள். அம்மா சொன்னது தப்பு. சட்டப்படியும் தப்பு, பதிலாகவும் தப்பு.

மகள் அம்மாவைப் பார்த்தாள். அதில் கோபம் இல்லை. வீட்டில் மகள் தலையாட்டிய பிறகு அவள் முகத்தில் என்ன வரும் என்று அம்மா பார்த்ததில்லை, அதற்குள் தண்ணீர் எடுக்கப் போயிருப்பாள். இன்றைக்கு எழுந்து போக முடியவில்லை. இருபத்திரண்டு வருஷமாக வந்துகொண்டிருந்த முகம் இதுதான்.

மகள் தன் கன்னத்தால் விசையைத் தள்ளி நாற்காலியைக் களத்துக்குள் ஓட்டிப் போனாள். பார்த்தாள். திரும்பி வந்தாள்.

"வலது... ஒரு விரல்."

அம்மா நகர்த்தினாள்.

"பாதி... விரல்... திரும்ப."

நகர்த்தினாள்.

"உச்சி."

அம்மா பந்தைக் குழாயின் உச்சியில் வைத்தாள். மகளின் தலை மேலே போனது. பந்து குழாயில் இறங்கி ஓடியது. டக்கென்று ஒரு சத்தம். அரங்கம் எழுந்து கைதட்டியது. வெள்ளையை ஒட்டி நின்ற நீலத்தைத் தட்டிவிட்டு, அதே இடத்தில் சிவப்பு நின்றிருந்தது. நான்குக்கு நான்கு.

அம்மா திரும்பவில்லை. சந்தோஷப்படத் தனக்கு வழி வைத்துக்கொள்ளவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

அடுத்தது தண்டனைப் பந்து. களத்தின் நடுவில் சின்னதாக ஒரு சதுரம். பந்து அதற்குள் நின்றால் ஒரு புள்ளி. தபால்காரர் நெடுநேரம் யோசித்தார். "மேல. போதும்," என்றார். அவர் மனைவி உயர்த்தினாள்.

பந்து உருள்கிற சத்தம் நின்றது. மகளின் கண் இமைக்காமல் இருந்து, பிறகு மெதுவாகக் கீழே இறங்கியது. முடிவை யாரும் அம்மாவுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நான்குக்கு ஐந்து.

*

தபால்காரர் நாற்காலியைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தச் சொன்னார்.

"அந்தக் கடைசிப் பந்து எனக்குப் பிடிக்கலம்மா. ஆனா போடாம இருக்க முடியாது."

"நானும்... போட்டிருப்பேன்," என்றாள் மகள்.

அப்பா வந்தார். மகளின் தலையை இடது கையால் தடவினார். அம்மாவைக் கிண்டல்கூடச் செய்யவில்லை.

ஊன்றுகோல் தரையில் தட்டும் சத்தம் கேட்டது. அம்மாவுக்கு நிமிர்ந்து பார்க்கத் தேவையிருக்கவில்லை.

பயிற்சியாளர் மகளுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு, கண்ணுக்குக் கண் நேராக உட்கார்ந்தார்.

"உள்ள போய்ப் பார்த்துட்டு வந்து அந்த நீலத்தைத் தட்டினே பாரு. யார் கத்துக் குடுத்தா?"

"அப்பா... ஹால்ல."

"நான் கோச் எல்லாம் இல்லீங்க, பிளம்பர்," என்றார் அப்பா அவசரமாக.

பயிற்சியாளர் சிரித்தார். பிறகு சிரிப்பு போய்விட்டது. "அன்னைக்கே நீ வந்திருக்கணும்மா. அந்த வருஷம் நாலு இடம் வெச்சிருந்தேன். நாலுல ஒண்ணு கடைசி வரைக்கும் காலியாவே கிடந்துது. இந்த வருஷம் ஒண்ணே ஒண்ணு. உனக்குத்தான் அப்ப இஷ்டமில்லாம போச்சு."

மகள் புருவத்தைச் சுருக்கினாள்.

"எ...ப்போ?"

"ரெண்டு வருஷம் இருக்கும். நீங்க குடுத்திருந்த நம்பருக்கு நானே போன் பண்ணேனே."

"எனக்கு போனே வரலீங்களே," என்றார் அப்பா.

"ஒரு லேடி பேசினாங்க."

இதற்கும் ஒரு பதில் அம்மாவின் வாயில் தயாராகத்தான் இருந்தது. ராங் நம்பராயிருக்கும், ஆஸ்பத்திரியில் வேறு யாராவது எடுத்திருப்பார்கள். நம்பும்படியாகச் சொல்லவும் அவளுக்குத் தெரியும்.

"நான்தான்," என்றாள்.

அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீங்க அனுப்பியிருப்பீங்க. அதனாலதான் சொல்லல."

பிறகு மகள் பக்கம் திரும்பினாள். "பயம்டி. அப்பத்தான் ஐ.சி.யு.ல இருந்து உன்னைத் தூக்கிட்டு வந்திருந்தோம். அங்க நீ ஏதாவது கேட்டா யாருக்குப் புரியும்னு நினைச்சேன். எனக்கு மட்டும்தான் புரியும்னு நினைச்சேன்."

மகள் கேட்டுக்கொண்டிருந்தாள். இன்றைக்கு அரங்கம் முழுக்கப் பார்க்க, அம்மாவுக்கும் புரியாமல்தான் போனது. அதை அவள் சொல்லிக்காட்டவில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் அம்மாவுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பயிற்சியாளர் பையிலிருந்து ஒரு பாரத்தை எடுத்தார். "போஸ்ட்மேனுக்கு இன்னும் டாக்டர் சர்டிபிகேட் வரலை. அது வராட்டி இடம் ரெண்டாவது ஆளுக்கு, அதாவது உனக்கு. வெள்ளிக்கிழமை தெரிஞ்சிடும். ஆனா பாரத்தை இன்னைக்கே எழுதித் தரணும். யார் எழுதறீங்க?"

அப்பாவின் வலது கை கழுத்தில் தொங்கியது. பேனா அம்மாவிடம் வந்தது.

"அவ சொல்றதை எழுதுங்க," என்றார் பயிற்சியாளர். "அவ சொல்றதை மட்டும்."

பெயர். வயது. உயரம். மகள் சொல்லச் சொல்ல அம்மா எழுதினாள். ஒவ்வொரு பதிலும் முழுதாக வரும்வரை பேனாவைத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

தொடர்புக்கு எண்.

"அப்பா... நம்பர்."

எழுதினாள்.

மையத்தில் உடன் தங்கும் உதவியாளர் யார் என்று இருந்தது அடுத்த வரி. மகள் சொல்வதற்குள்ளேயே அம்மாவின் பேனா 'தாய்' என்று எழுத 'தா' போட்டுவிட்டது. அதைக் கண்டதும் சட்டென்று நிறுத்தி மகளைப் பார்த்தாள்.

மகள் மூச்சை இழுத்தாள். உதடு கோணியது, நேரானது.

"அம்மா... வேண்டாம்."

அப்பாதான் முதலில் வாய் திறந்தார். "பின்ன யாரும்மா? எனக்கு இன்னும் அஞ்சு வாரம் ஆகும். சித்தி வருவாளோ என்னவோ."

"தெரியாது. அம்மா... வேண்டாம்."

அம்மா 'தா'வை ஒரு கோடு போட்டு அடித்தாள். பக்கத்தில், ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் எழுதுகிற அதே குண்டு எழுத்தில், மகள் சொன்னதை ஒன்றுவிடாமல் எழுதினாள். இருபத்திரண்டு வருஷத்தில் தனக்குப் பிடிக்காத ஒன்றை மகள் சொல்லி, அதை அப்படியே கேட்டு, அப்படியே செய்தது இது ஒன்றுதான். அது இந்த வாக்கியமாக இருக்க வேண்டுமா என்று அவளுக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு பாரத்தை நீட்டினாள்.

பயிற்சியாளர் வாங்கிப் படித்தார். ஒருமுறை அம்மாவைப் பார்த்தார். பிறகு மகளிடம் உரக்கவே படித்துக் காட்டினார்.

"'தெரியாது. அம்மா வேண்டாம்.' இப்படியே குடுத்துடவா? நிதானமா யோசிச்சுச் சொல்லு. நான் காத்திருக்கேன்."

"குடுங்க," என்றாள் மகள்.

அந்த ஒரு சொல் மட்டும் திக்காமல், மூச்சு வாங்காமல், யாரும் காத்திருக்கத் தேவையில்லாமல் வந்தது.